காத்திருந்தோர் வென்ற பருவம்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் உரையாற்றுமாறு என்னைப் பணித்தபோது, ‘ஓர் அமைப்பு எவ்வாறு நிலைத்து நிற்கிறது’ என்பது பற்றிப் பேசினால் நலமாக இருக்கும் என்று செயலாளர் அவர்கள் குறிப்புத் தந்தார்கள். இலக்கிய அமைப்புகளின் வரலாற்றிலிருந்தே சான்றுகள் காட்டியிருக்கலாம். ஆனால் அவற்றை என்னினும் நன்கறிந்தோர் இவ்வவையில் பலர் உளர். எனவே, நம் துறைக்குச் சற்றே அயலான ஓரிடத்திலிருந்து ஒரு சான்றைக் கொண்டுவந்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மாநகரில், ஃபுட்ஸ்க்ரே என்னும் தொழிலாளர் பகுதியில் தோன்றிய ஒரு காற்பந்துக் கழகம். அக்கழகம் 2016ஆம் ஆண்டில் ஆடிய ஒரு பருவம். இதுவே என் பொருள்.

கவிஞர்கள் கூடிய அவையில் பந்தாட்டம் பற்றிய பேச்சா என்று எவரும் வியக்க வேண்டா. ஏறுதழுவலையும் மற்போரையும் பாட்டிலே வைத்த மொழி நம்முடையது. வென்றவன் பெயரைக் கல்வெட்டு காக்கும். அவ்வெற்றி யாருடையது என்ற வினாவைப் புலவன்தான் கேட்பான். அந்த வினாவை 2016ஆம் ஆண்டுப் பருவம் ஒரு திடலின் நடுவில், ஒரு லட்சம் பேர் முன்னிலையில் எழுப்பியது. அதனாலேயே அது இங்கே பேசத் தக்கது எனக் கருதுகிறேன்.

ஆட்டமும் அதன் கணக்கும்

முதற்கண் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். உலகெங்கும் ஆடப்படும் காற்பந்து வேறு. ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து வேறு. 1858ஆம் ஆண்டில் டாம் வில்ஸ் என்னும் கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் ஆட்டக்காரர்களின் உடல் தளராதிருக்கக் காற்பந்துக் கழகம் ஒன்று அமைக்கலாம் என்று மெல்பர்ன் இதழொன்றுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் மெல்பர்ன் கழகத்தார் கூடி விதிகளை எழுதி வைத்தனர். கிரிக்கெட் ஆடும் அதே நீள்வட்டத் திடலில்தான் இதுவும் ஆடப்படும். ஓரணிக்கு 18 பேர் களத்தில் நிற்பர். பந்து முட்டை வடிவானது. அதை உதைக்கலாம், ஒரு கையில் ஏந்தி மறுகை முட்டியால் குத்தித் தோழனுக்கு அனுப்பலாம், எறிதல் மட்டும் கூடாது.

திடலின் இரு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டு கம்பங்களின் ஊடே பந்தை உதைத்தால் அது கோல், 6 புள்ளிகள். நடுக்கம்பத்துக்கும் வெளிக்கம்பத்துக்கும் இடையே சென்றுவிட்டால் 1 புள்ளி. குறி தவறினாலும் அருகில் சென்றதற்காக ஒரு புள்ளி தரும் ஆட்டம் இது. 13 கோல், 11 தவறிய குறி என்றால் மொத்தம் 89. அதை 13.11 (89) என்று எழுதுவது அவர்கள் மரபு. ஃபுட்ஸ்க்ரே கழகத்தின் வரலாறோ நெடுங்காலம் இந்த ஒற்றைப் புள்ளிகளாலேயே ஆனது.

ஃபுட்ஸ்க்ரே என்னும் ஊர்

மெல்பர்ன் நகரின் மேற்கே, மரிபிர்னாங் ஆற்றைக் கடந்தால் ஃபுட்ஸ்க்ரே. கல்லுடைக்கும் குவாரிகள், கயிற்றாலை, இறைச்சிக்கூடங்கள், இரும்புத் தொழிற்கூடங்கள் என உழைப்பாளர் மிகுந்த பகுதி. அதற்கும் மேற்கே சன்ஷைன் என்னுமிடத்தில் இயங்கிய அறுவடை இயந்திரத் தொழிற்சாலையை முன்வைத்தே, ஒரு தொழிலாளி தன் குடும்பத்தோடு கண்ணியமாக வாழப் போதுமான ஊதியம் எது என்ற புகழ்பெற்ற தீர்ப்பை நீதிபதி ஹிக்கின்ஸ் 1907ஆம் ஆண்டில் வழங்கினார். பின்னாளில் வியட்நாம் அகதிகளும், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தோரும் இப்பகுதியில் குடியேறினர். நகரின் மற்றப் பகுதியினர் ஆற்றுக்கு மேற்கே வாழ்வோரைச் சற்றே தாழ்வாக எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அவ்வூர்க் கழகமும் அதே பார்வைக்கு உள்ளாயிற்று.

மெல்பர்ன் கழகங்களின் முதன்மைக் கூட்டமைப்பு 1897ஆம் ஆண்டில் தன் முதல் பருவத்தை ஆடியபோது ஃபுட்ஸ்க்ரே அதில் இல்லை. இரண்டாம் நிலைக் கூட்டமைப்பில் ஆடி 9 முறை முதலிடம் பெற்றது. 1924ஆம் ஆண்டில், போரில் கை கால் இழந்த வீரர்களுக்காகப் பாடகி நெல்லி மெல்பா திரட்டிய நிதிக்கென ஓர் ஆட்டம் ஏற்பாடாயிற்று. அதில் முதன்மைக் கூட்டமைப்பின் வாகையரான எஸ்ஸெண்டன் கழகத்தை ஃபுட்ஸ்க்ரே வென்றது. அடுத்த ஆண்டே அதற்குக் கதவு திறந்தது.

1925 முதல் 1953 வரை கோப்பை இல்லை. 1954ஆம் ஆண்டில், சார்லி சட்டன் அணித்தலைவராகவும் பயிற்றுநராகவும் இருந்து நடத்திய அணி, இறுதிப் போட்டியில் மெல்பர்ன் கழகத்தை 51 புள்ளிகள் வேறுபாட்டில் வென்றது. அவ்வணியில் 21 அகவை இளைஞராக ஆடியவர் டெட் விட்டன். பின்னாளில் 321 ஆட்டங்கள் ஆடி அக்கழகத்தின் முகமாகவே ஆனார். 1995ஆம் ஆண்டில் நோயால் பார்வை இழந்த நிலையில், காரில் மெல்பர்ன் பெருந்திடலைச் சுற்றிவந்து அவர் விடைபெற்றதைக் கண்டு எல்லாக் கழகத்தாரும் கண்ணீர் உகுத்தனர். கழகத்தின் சொந்தத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி ‘விட்டன் ஓவல்’ என வழங்குகிறது.

1961ஆம் ஆண்டில் மீண்டும் இறுதிப் போட்டிக்குச் சென்று தோற்றது. அதன் பின்னர் இறுதி நாளன்று களம் காணும் பேறே அதற்கு வாய்க்கவில்லை. 1985, 1992, 1997, 1998, 2008, 2009, 2010 என ஏழு முறை, இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டம் வரை சென்று தோற்றது. இவற்றுள் 1997ஆம் ஆண்டுத் தோல்வி ஆறாப் புண். அடிலெய்டு கழகத்துக்கு எதிரான அவ்வாட்டத்தில் டோனி லிபரடோரி உதைத்த பந்து கோல் ஆயிற்றென அவரும் தோழர்களும் கைகளை உயர்த்தி மகிழ்ந்தனர். கோல் நடுவரோ ஒற்றைப் புள்ளிதான் என்று காட்டினார். ஆட்டம் முடிந்தபோது வேறுபாடு 2 புள்ளிகள். இந்த லிபரடோரியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

அழிவின் விளிம்பு

தோல்வியினும் கொடியது ஒன்று 1989ஆம் ஆண்டில் வந்தது. அப்போது கூட்டமைப்பு மெல்பர்ன் எல்லையைத் தாண்டி நாடு தழுவிய அமைப்பாக விரிந்துகொண்டிருந்தது. சிறு கழகங்கள் கடனில் மூழ்கியிருந்தன. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், பருவம் முடிந்த கையோடு ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. ஃபுட்ஸ்க்ரே கழகமும், நகரின் வடபகுதிக் கழகமான ஃபிட்ஸ்ராயும் இணைக்கப்படும் என்பதே அது. இணைப்பு என்று பெயர். ஃபுட்ஸ்க்ரே மக்களுக்கோ அது சாவோலை.

பீட்டர் கோர்டன் என்னும் இளம் வழக்கறிஞர் முன்னின்றார். ஐரீன் சாட்ஃபீல்ட் என்னும் பெண்மணி, கழகத்தின் எளிய ஆதரவாளர், தம் பெயரில் விக்டோரியா உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கழகத்தைக் காப்பாற்றிக்கொள்ள மூன்று வாரத் தவணை கிடைத்தது. அம்மூன்று வாரமும் மேற்குப் புறநகர் முழுதும் உண்டியலோடு தெருவில் நின்றது எனலாம். வீடு வீடாகச் சென்றனர்; மதுக்கடைகளிலும் தொழிற்சாலை வாயில்களிலும் நிதி கேட்டனர். பத்து லட்சம் டாலருக்கும் மேல் திரண்டது. கழகம் பிழைத்தது.

இங்கே ஓர் உண்மையை மறைத்துப் பேசுதல் அறமன்று. ஃபுட்ஸ்க்ரே பிழைத்தது, ஃபிட்ஸ்ராய் பிழைக்கவில்லை. இணைப்பு நின்றுபோன பின் ஏழு ஆண்டுகள் அக்கழகம் தள்ளாடியது. தனக்கென ஒரு திடல் இல்லாத நிலையில், 1994 முதல் 1996 வரை ஃபுட்ஸ்க்ரே கழகத்தின் திடலையே தன் தாயகத் திடலாகக் கொண்டு ஆடியது. 1996ஆம் ஆண்டுப் பருவம் முழுவதிலும் அதற்குக் கிட்டிய ஒரே வெற்றியும் அத்திடலிலேயே கிட்டியது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள், நாட்டின் மேற்குக் கோடியில், பெர்த் நகரில், தன் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்தது. பின் பிரிஸ்பேன் கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஒரே திடலில் ஒரு கழகம் உயிர்த்தது, மற்றொன்று அணைந்தது. இரண்டு ஊரிலும் அன்புடையோர் இருந்தனர். அன்பு மட்டுமே கழகத்தைக் காக்கும் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு ஃபிட்ஸ்ராய் சான்று. அன்பு இன்றேல் காக்கவே முடியாது என்பதற்கு ஃபுட்ஸ்க்ரே சான்று.

பிழைத்த கழகமும் ஒரு விலை கொடுத்தது. 1997ஆம் ஆண்டுப் பருவம் முதல் ‘ஃபுட்ஸ்க்ரே’ என்னும் ஊர்ப்பெயரைத் துறந்து, ‘வெஸ்டர்ன் புல்டாக்ஸ்’ என்று பெயர் பூண்டது. மேற்குப் பகுதி முழுவதையும் தன்பால் ஈர்க்கும் நோக்கம் அது. முதியோர் பலர் பழைய பெயரை இன்றும் விடவில்லை.

எழுதப்பட்ட தோல்வி

எழுத்தாளர்கள் நிறைந்த அவையாதலின் இதைக் குறிப்பிட விரும்புகிறேன். மார்ட்டின் ஃபிளானகன் என்னும் இதழாளர், கோப்பை எதுவும் வாராத 1993ஆம் ஆண்டுப் பருவத்தில் இக்கழகத்தோடு உடனிருந்து ‘சதர்ன் ஸ்கை, வெஸ்டர்ன் ஓவல்’ என்றொரு நூல் எழுதினார். அது 1994ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1996ஆம் ஆண்டுப் பருவத்தை, அது தோல்விகள் மலிந்த பருவம், மைக்கேல் கார்டெல் என்பார் ஆவணப்படமாக்கினார். 2016ஆம் ஆண்டு வெற்றியைப் பற்றி எழுத நேர்ந்தபோதும் அதே ஃபிளானகன்தான் எழுதினார். அந்நூல் 2018இல் வந்தது. ஆக, இக்கழகத்துக்கு வெற்றி வருவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே அதன் தோல்வி இலக்கியமாகிவிட்டது. அந்தத் தோல்வியின் ஏடு முன்னரே இருந்ததனால்தான், பின்வந்த வெற்றிக்கு எடை கூடியது என்பது என் கருத்து.

2016: பருவம் தொடங்குதல்

2014ஆம் ஆண்டு முடிவில் கழகம் சிதறிய நிலையில் இருந்தது. அணித்தலைவர் ரயன் கிரிஃபன், சிட்னியின் மேற்கே புதிதாய்த் தொடங்கப்பட்ட ஜயன்ட்ஸ் கழகத்துக்குச் சென்றுவிட்டார். பயிற்றுநரும் பதவி விலகினார். கிரிஃபனுக்கு மாற்றாக அதே ஜயன்ட்ஸ் கழகத்திலிருந்து வந்தவர் டாம் பாய்ட். 19 அகவை இளைஞர். அவருக்குப் பேசப்பட்ட ஊதியம் 7 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 70 லட்சம் டாலர். அத்தொகை அவர் தோளில் ஏற்றிய சுமையைப் பின்னர்க் காண்போம்.

லூக் பெவரிட்ஜ் புதிய பயிற்றுநரானார். பாப் மர்ஃபி அணித்தலைவரானார். மர்ஃபி, 2000ஆம் ஆண்டு முதல் இக்கழகத்துக்கு ஆடிவந்தவர். மெலிந்த உடல், கூர்ந்த அறிவு. ஆட்டக்காரராக இருந்துகொண்டே ‘தி ஏஜ்’ நாளிதழில் பத்தி எழுதிய எழுத்தாளர். கழகத்தை விட்டுப் போகாதவர். 2015ஆம் ஆண்டில் அவர் தலைமையில் அணி ஆறாமிடம் பெற்று, இறுதிச் சுற்றுகளின் முதல் ஆட்டத்தில் தோற்றது. 2016ஆம் ஆண்டு நம்பிக்கையோடு பிறந்தது.

பருவத்தின் மூன்றாம் வாரம், ஏப்ரல் 10ஆம் நாள், தொடர்ந்து மூன்றாண்டுகள் கோப்பை வென்றிருந்த ஹாதோர்ன் கழகத்தோடு ஆட்டம். கடைசி நிமிடங்களில் பந்துக்காகப் பாய்ந்த மர்ஃபி கீழே விழுந்தார். முழங்கால் மூட்டின் நார் அறுந்தது. 2006இலும் அவ்வாறே அறுந்து ஒரு பருவம் இழந்தவர் அவர். இப்போது அகவை 33. ஆட்டம் 3 புள்ளி வேறுபாட்டில் தோல்வி. தலைவனின் பருவம் அன்றோடு முடிந்தது. ஈஸ்டன் வுட் பொறுப்பேற்றார்.

அதன்பின் காயங்கள் வரிசை கட்டி வந்தன. ஜூலை மாதத்தில் செயின்ட் கில்டா கழகத்தோடு ஆடிய ஒரே ஆட்டத்தில் மிட்ச் வாலிஸ் கால் முறிந்து வீழ்ந்தார். ஜாக் ரெட்பாத் முழங்கால் நார் அறுந்து வெளியேறினார். ஆகஸ்டு மாதத்துக்குள் டாம் லிபரடோரி, ஜாக் மக்ரே, வுட் ஆகியோரும் காயமுற்றனர். இந்த டாம், முன்னர்ச் சொன்ன டோனி லிபரடோரியின் மகன். வாலிஸும் அதே கழகத்தில் ஆடிய தந்தையின் மகனே. தந்தை ஆடிய கழகம் மகனை முன்னுரிமையோடு சேர்த்துக்கொள்ள இவ்விளையாட்டின் விதி இடம் தருகிறது. இத்தனை இழப்புக்கிடையிலும் அணி 22 ஆட்டங்களில் 15 வென்று, 18 கழகங்களில் ஏழாமிடம் பெற்றது. அப்போது முதல் எட்டுக் கழகங்கள் இறுதிச் சுற்றுக்குச் சென்றன. ஏழாமிடத்திலிருந்து எவரும் அதுவரை கோப்பை வென்றதில்லை.

இவ்விடத்தில் ஒரு விதியின் விளையாட்டைச் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டில், தம் இடம் உறுதியாகிவிட்ட கழகங்கள் சில, பருவத்தின் கடைசி வாரத்தில் முதன்மை ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு தந்தன. அதைத் தடுக்கவே, 2016 முதல், இறுதிச் சுற்றுகளுக்கு முன் எல்லாருக்கும் ஒரு வார ஓய்வு என்று கூட்டமைப்பு விதித்தது. புல்டாக்ஸை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அன்று. ஆனால் அந்த ஒரு வாரத்தில் லிபரடோரியும் மக்ரேயும் வுட்டும் நலமடைந்து திரும்பினர்.

நான்கு வாரங்கள்

செப்டம்பர் 8: பெர்த் நகரில், வெஸ்ட் கோஸ்ட் கழகத்தின் சொந்தத் திடலில் முதல் ஆட்டம். தோற்றால் பருவம் முடிந்தது. கண்டத்தின் மறுகோடிக்குச் சென்று ஆடும் அணி வெல்லும் என எதிர்பார்த்தோர் அரியர். 99க்கு 52 என வென்றது.

செப்டம்பர் 16: மெல்பர்ன் பெருந்திடலில், மர்ஃபியின் முழங்கால் நார் அறுந்த அன்று எதிரே நின்ற அதே ஹாதோர்ன். நான்காம் கோப்பையைத் தொடர்ந்து வெல்லும் நோக்கோடு நின்றது அக்கழகம். 107க்கு 84 என்று புல்டாக்ஸ் வென்றது.

செப்டம்பர் 24: ஏழு முறை இடறிய அதே படி. சிட்னியின் மேற்கே, ஜயன்ட்ஸ் கழகத்தோடு. 1877ஆம் ஆண்டைத் தன் பிறப்பாகக் கொண்ட கழகமும், கூட்டமைப்பே திட்டமிட்டுத் தோற்றுவித்து 2012இல் ஆடத் தொடங்கிய கழகமும் நேர்நின்றன. பழைய தலைவர் கிரிஃபன் சென்று சேர்ந்ததும் அக்கழகமே. மெல்பர்ன் நகரிலிருந்து ஏறக்குறைய 900 கிலோமீட்டர் சாலை வழியே ஆதரவாளர் பலர் காரோட்டிச் சென்றனர். இறுதிக் கால் பகுதியில் அணி பின்தங்கியது, மீண்டது, மக்ரே உதைத்த கோல் முன்னிலை தந்தது. 13.11 (89)க்கு 12.11 (83). கோப்பை கைக்கு வருமுன்பே பலர் அன்றிரவு அழுதனர். 1961க்குப் பின் பிறந்த எவரும் தம் கழகத்தை இறுதிப் போட்டியில் கண்டதில்லை அன்றோ.

அக்டோபர் 1: மெல்பர்ன் பெருந்திடல். 99,981 பேர். எதிரே, பட்டியலில் முதலிடம் பெற்ற சிட்னி ஸ்வான்ஸ். மூன்று கால் பகுதிகள் முடிந்தபோதும் இடைவெளி ஒரு சில புள்ளிகளே. கடைசிக் கால் பகுதியில், சிட்னியின் பெருவீரர் லான்ஸ் ஃபிராங்க்ளினை டேல் மோரிஸ் பாய்ந்து வளைத்து வீழ்த்தினார். பந்து தெறித்தது. அதை எடுத்தவர் டாம் பாய்ட். தொலைவிலிருந்து உதைத்தார். ஆளற்ற கோல் முனையில் பந்து தரையில் பட்டு, எப்பக்கமும் திரும்பக்கூடிய அம்முட்டைப் பந்து, நேரே உருண்டு கம்பங்களின் ஊடே சென்றது. 89க்கு 67. அதே 13 கோல், அதே 11 தவறிய குறி. ஆட்டநாயகர் விருது தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜேசன் ஜொஹானிசனுக்கு. தந்தைக்கு 1997இல் மறுக்கப்பட்டது, மகன் லிபரடோரிக்குக் கிட்டியது. 1989இல் நீதிமன்றப் படியேறிய பீட்டர் கோர்டன், 2016இல் மீண்டும் கழகத் தலைவராக இருந்தார். 62 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது.

மோரிஸின் முதுகெலும்பில் முறிவு இருந்தது என்பதும், அம்முறிவோடுதான் அவர் ஆடினார் என்பதும் பின்னரே வெளியாயிற்று.

பதக்கம் யாருக்கு?

2016ஆம் ஆண்டில் வெற்றிப் பதக்கம் பற்றிய விதி கடுமையாக இருந்தது. இறுதிப் போட்டியன்று அணியில் இடம்பெற்ற 22 பேருக்கே பதக்கம் தரப்பட்டது. பருவம் முழுதும் ஆடிக் கடைசி வாரம் காயமுற்றவருக்கும் இல்லை; மூன்றாம் வாரமே வீழ்ந்த தலைவருக்கும் இல்லை என்றிருந்தது. பயிற்றுநருக்கு மட்டும் ஜாக் மக்ஹேல் பெயரால் ஒரு தனிப் பதக்கம் உண்டு.

பெவரிட்ஜ் மேடையேறி அப்பதக்கத்தைப் பெற்றார். பெற்றவுடன், கீழே நின்ற பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்தார். தம் கழுத்திலிருந்து பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் அணிவித்தார். இது உனக்குரியது என்ற பொருள்படச் சில சொற்கள். அவ்வளவே. பின்னர் வுட், மர்ஃபி, பெவரிட்ஜ் மூவரும் சேர்ந்து கோப்பையை உயர்த்தினர்.

மர்ஃபி அடுத்த ஆண்டு திரும்பிவந்து ஆடி, மொத்தம் 312 ஆட்டங்களோடு 2017இல் ஓய்வு பெற்றார். இறுதிப் போட்டியொன்றில் அவர் ஆடவே இல்லை.

வெண்ணிப் பறந்தலைப் போரில் கரிகாலன் வென்றான். முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணிச் சேரமான் வடக்கிருந்தான். வென்ற மன்னனை நேரில் நோக்கியே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லனோ என்று கேட்டார் வெண்ணிக் குயத்தியார். வெற்றியைக் குறைத்துப் பேசியதாக அவரை எவரும் குற்றம் சொல்லவில்லை. வெற்றியின் ஒளி எல்லார் மேலும் விழுமாறு செய்தார் என்றே நாம் அப்பாட்டைப் போற்றுகிறோம். மெல்பர்ன் மேடையில் நிகழ்ந்ததை நான் அவ்வாறே காண்கிறேன். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அங்கே அந்த வினாவைக் கேட்டவர் புலவர். இங்கே வென்றவரே கேட்டுவிட்டார்.

அப்பதக்கம் மர்ஃபி என்னும் ஒருவருக்கு மட்டும் உரியதாக அன்று எவருக்கும் தோன்றவில்லை. கால் முறிந்த வாலிஸும், ஏழு முறை தோற்ற அணிகளின் ஆட்டக்காரர்களும், 1989இல் உண்டியல் ஏந்தியோரும், 1954ஐ மட்டுமே நினைவிற்கொண்டு கண்மூடிய முதியோரும் அக்கழுத்தில் தம்மைக் கண்டனர்.

பின் நிகழ்ந்தவை

கதையை இங்கேயே நிறுத்தினால் இனிக்கும். ஆனால் உண்மை மேலும் செல்கிறது. 2017ஆம் ஆண்டில் அக்கழகம் பத்தாமிடம் பெற்று இறுதிச் சுற்றுக்கே தகுதி இழந்தது. 2021இல் மீண்டும் இறுதிப் போட்டிக்குச் சென்று, மெல்பர்ன் கழகத்திடம் 74 புள்ளிகளில் தோற்றது. டாம் பாய்ட், இறுதிப் போட்டியில் மூன்று கோல் உதைத்தவர், பெரும் ஊதியமும் அதனோடு வந்த எதிர்பார்ப்பும் அழுத்த, மனச்சோர்வுக்கு ஆளானார். 2019ஆம் ஆண்டில், 23 அகவையில், ஒப்பந்தத்தில் எஞ்சிய பணத்தை விட்டு ஓய்வு பெற்றார். தம் நோயை மறைக்காமல் பேசினார். வெற்றி அவரைக் காக்கவில்லை. கோப்பை எல்லாப் புண்ணையும் ஆற்றும் என்று நாம் எழுதிவிடலாகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. இவ்வெற்றிக்கு ஊர்மக்களின் அன்போடு, கூட்டமைப்பின் ஒழுங்குமுறையும் காரணம். கீழிடம் பெற்ற கழகமே புதிய இளைஞர்களை முதலில் தேர்ந்துகொள்ளும் முறை 1986இல் வந்தது. கழகம் தரும் மொத்த ஊதியத்துக்கு வரம்பு 1987இல் வந்தது. இவை இன்றேல் செல்வக் கழகங்களே ஆண்டுதோறும் வெல்லும். 1989இல் இக்கழகத்தை மூட முனைந்ததும் அதே கூட்டமைப்பு. 2016இல் அது வெல்லத் தக்க நிலத்தைச் சமன் செய்துவைத்ததும் அதே கூட்டமைப்பு. அமைப்புகளைப் பற்றிப் பேசுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும்.

நிறைவாக

அன்பர்களே, ஒரு பருவம் என்பது மார்ச்சு முதல் அக்டோபர் வரை ஆறேழு மாதம். ஆயினும் 2016ஆம் ஆண்டுப் பருவத்தை அம்மாதங்களுக்குள் அடக்கிச் சொல்ல முடியவில்லை என்பதை உணர்ந்திருப்பீர்கள். 1954இலிருந்து தொடங்காமல் அதைச் சொல்ல இயலாது. களத்தில் இல்லாதவர்களைச் சொல்லாமல் களத்தில் நின்றவர்களைச் சொல்ல இயலாது. ஓர் அமைப்பு நிலைப்பது வெற்றிகளால் என்று நான் கருதவில்லை. அவை வருவதும் போவதுமாக இருக்கும். வெற்றி வாராத நீண்ட இடைக்காலத்தில் கதவைத் திறந்துவைத்திருப்போரால்தான் அது நிலைக்கிறது. வெற்றி வந்த நாளில் அவர்களை மேடைக்கு அழைக்க மறவாதிருத்தல் அவ்வமைப்பின் கடன்.

இவ்வட்டத்துக்குப் பத்தாண்டு ஆயிற்று. நூல்கள் வெளியாயின, கவிஞர்கள் அறிமுகமாயினர், அவர்கள் பெயர்கள் மலரில் இடம்பெறும். அது முறையே. அவற்றோடு ஒரு பக்கம் ஒதுக்குமாறு மலர்க் குழுவினரை வேண்டுகிறேன். நாற்காலி பரப்பியவர்கள், அஞ்சலட்டை எழுதிக் கூட்டம் கூட்டியவர்கள், நான்கு பேரே வந்த மாலைகளிலும் அந்நால்வருள் ஒருவராக இருந்தவர்கள், நோயாலோ முதுமையாலோ இன்று வர இயலாதவர்கள், இவர்களின் பெயர்கள் அப்பக்கத்தில் இருக்கட்டும். அவர்கள் ஒரு கவிதையும் எழுதாதிருக்கலாம். நம் கழுத்தில் விழும் மாலையில் பாதி அவர்களுடையது.